உள்சுவரின் பளபளப்பு

என் மனைவி எய்த அம்பு இலக்கின் நட்டநடு மஞ்சளில் போய் நின்றது. நின்றது என்றால் சும்மா இல்லை; அந்தச் சத்தத்தில் மைதானத்து மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாக ராஜினாமா செய்துவிட்டுப் பறந்தன. நான் துள்ளி எழுந்து கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. எங்கள் வில்வித்தை மன்றத்தில் அம்பு குத்தியதற்கெல்லாம் கைதட்டும் வழக்கம் கிடையாது. பிடுங்கிய பிறகுதான்.

இது எங்கள் மன்றத்தின் தனிச்சட்டம். வில்லைக் கடையில் வாங்கலாம். அம்பை அவரவர் வீட்டில்தான் செய்ய வேண்டும். எய்த அம்பைப் பலகையிலிருந்து இழுக்கும்போது முழுசாக வந்தால் மட்டுமே புள்ளி. எஃகு முனை உள்ளேயே தங்கிவிட்டால், எங்கே குத்தியிருந்தாலும் பூஜ்யம். உள்ளே கிடக்கும் இரும்பில் அடுத்தவர் அம்பு மோதி உடையக் கூடாதல்லவா?

இழுக்கும் பொறுப்பு மன்றத் தலைவிக்கு. தொழிலில் அவர் பல் டாக்டர். இதைவிடப் பொருத்தமான ஆளை உலகமெங்கும் விளம்பரம் கொடுத்தாலும் பிடிக்க முடியாது. இடது உள்ளங்கையால் பலகையை, நோயாளியின் கன்னத்தைப் பிடிப்பதுபோல அழுத்திக்கொள்வார். வலது கையால் ஒரே இழு. அவர் கையில் சிக்கினால் மலைக்கே ஒரு கடைவாய்ப்பல் போய்விடும்.

அன்றும் இழுத்தார். குச்சி வந்தது. முனை வரவில்லை.

குச்சியின் மொட்டை நுனியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேர் உள்ளயே நின்னுடுச்சும்மா, பூஜ்யம்" என்றார்.

பக்கத்திலிருந்த சம்பந்தியம்மா, அதாவது எங்கள் மகளின் மாமியார், தன் வில்லை மடியில் வைத்துத் தடவியபடியே ஆறுதல் சொன்னார். "விடுங்க சம்பந்தி. வயசானா பல்லு ஆடத்தான் செய்யும்."

என் மனைவி சிரித்தாள். முப்பது வருடமாக அழகு நிலையம் நடத்துகிறவள். யாரைப் பார்த்தும் சிரிக்கத் தெரியும். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

வெளியூர்ப் போட்டிக்கு நான்கு பெண்கள் போக வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு என் மனைவியும் சம்பந்தியம்மாவும்தான் மிச்சம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் நேருக்கு நேர்.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். "போனாப் போகுது, அடுத்த வருஷம்..."

"வண்டியை ஓட்டுங்க."

கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். "கடையைத் திறந்த நாளிலேர்ந்து மத்தவங்களைச் சிங்காரிச்சு வெளியே கிளப்பி விட்டுட்டே இருக்கேன். இவங்க கல்யாணத்துக்கு, அவங்க ஃபோட்டோவுக்கு, இன்னொருத்தி இன்டர்வியூவுக்கு. கதவைத் திறந்து விடுறதே என் வேலையாப் போச்சு. இந்தத் தடவை நான் கிளம்பறேன். என் பேரு அந்த டீம் சட்டை முதுகுல இருக்கும். புரிஞ்சுதா?"

புரிந்தது. புரியாத மாதிரி இருந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருப்பாள். வண்டி என்னுடையதாக இருந்தாலும்.

அம்பு முனைகளை ஒட்டுவது வீட்டில் என் இலாகா. ஆகையால் என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை நான் குழாய்களும் கைப்பிடிகளும் செய்யும் ஆலையில் பாலிஷ் பிடித்தேன். நான் தேய்த்த குழாயில் உட்கார்ந்த ஈ, தன் முகத்தைத் தானே பார்த்து மயங்கிக் குடும்பம் நடத்த அங்கேயே தங்கிவிடும். ஓய்வுக்குப் பிறகும் கை அடங்கவில்லை. எங்கள் தெருவில் இப்போது யாரும் வீட்டில் தலைவாருவதில்லை. என் கதவுக் கைப்பிடிக்கு முன்னால் வந்து நின்றுதான் வகிடு எடுக்கிறார்கள்.

அப்படிப்பட்டவன் கையில் அம்பு முனை கிடைத்தால்? அம்பின் உடல், கார்பன் நாரையும் பிசினையும் சேர்த்து இழுத்துச் செய்த கெட்டிக் குச்சி, பென்சிலைவிட மெல்லியது. முனை, பேனா மூடி போன்ற சின்ன எஃகுக் குப்பி. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் துளை. இரண்டு ட்யூப்பைச் சமமாகக் கலக்கும் பசையைக் குச்சி நுனியில் தடவித் துளைக்குள் செருக வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் நான் குப்பியின் வெளிப்புறத்தோடு நிறுத்துகிறவனா? பல் குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, பாலிஷ் மெழுகைத் தொட்டு, யார் கண்ணிலும் படாத அந்தத் துளையின் உள்சுவரையும் கண்ணாடியாக்கினேன். வெளியே மட்டும் தேய்ப்பவன் வேலைக்காரன். உள்ளேயும் தேய்ப்பவன் கலைஞன். சம்பந்தி வீட்டு அம்பு முனைகளைப் பார்த்து, "இது என்ன, கோழி கொத்தினதா?" என்று நான் பலமுறை கேட்டதுண்டு. அவர்கள் முனைகள் பலகையில் தங்கியதே இல்லை என்பதை மட்டும் ஏனோ நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் தீர்ப்பு சொன்னேன். "பசை சரியில்ல. வேற வாங்கணும்."

"இதுக்கு முன்னாடி எத்தனை பசை மாத்தியாச்சு?"

"அதெல்லாமும் சரியில்ல."

அவள் என் இடுக்கிப் பிடியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். முன்னறைதான் அவளுடைய அழகு நிலையம். மேஜை விளிம்பில் பிடியை மாட்டி, அதில் இன்னொரு அம்பின் முனையை இறுக்கி, குச்சியைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். குச்சியின் வாலில் பழைய சைக்கிள் ட்யூப்பைச் சுற்றி, அதன்மேல் கயிறு கட்டி, கயிற்றில் தலை அலசும் வாளியைத் தொங்கவிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருந்து அசிங்கப்பட முடியாது. பிய்யுறது எல்லாம் இங்கயே பிய்யட்டும். தண்ணி ஊத்துங்க" என்றாள்.

நாற்காலியில் ஒரு டீச்சரம்மா முகம் முழுக்கப் பூச்சும் கண்மேல் வெள்ளரித் துண்டுமாகச் சாய்ந்திருந்தார். நான் சொம்பு சொம்பாக வாளியில் ஊற்றினேன். பாதி வாளிகூட நிறையவில்லை. டப்! வாளி தரையில் விழுந்து, அறையில் ஒரு குட்டி சுனாமி எழுந்து, டீச்சரம்மாவின் கணுக்கால்வரை வந்து விசாரித்துவிட்டுத் திரும்பியது.

"மழையா?" என்றார் டீச்சரம்மா, கண்ணைத் திறக்காமல்.

"உள்ளூர் மழைதான் டீச்சர். நீங்க படுங்க" என்றாள் என் மனைவி.

முனை பிடியிலேயே இருந்தது. குச்சியின் நுனியில் பசை, சட்டை போட்ட மாதிரி அப்படியே ஒட்டியிருந்தது. அந்தச் சட்டையின் வெளிப்பக்கம் பளபளவென்று மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? என் பாலிஷ் பசைக்குக்கூட ஏறியிருக்கு!"

அவள் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் நகத்தால் அந்தப் பசைச் சட்டையை வருடினாள். பிறகு தன் விரல் நகத்தையே திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒட்டு நகம் வெக்க வர்றவங்களுக்கு நான் முதல்ல என்ன செய்வேன்?"

"காசு கேப்பே."

"அதுக்கு அப்புறம்."

"தெரியாது."

"அவங்க சொந்த நகத்தோட பளபளப்பை அரத்தால எடுத்துடுவேன். மங்கலா, சொரசொரன்னு ஆன பிறகுதான் பசை. அந்த மினுமினுப்பு மேலேயே ஒட்டினா, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போது நகம் சோத்துல கிடக்கும். இந்தப் பசை உங்க எஃகைப் பிடிக்கவே இல்ல. பிடிக்க அங்க என்ன இருக்கு? எண்ணெய் தடவின கம்பத்துல ஏறச் சொன்னா எவன் ஏறுவான்? உங்க பாலிஷ்தான் வழுக்கி விடுது."

நான் எழுந்து நின்றேன். நாலு தலைமுறை மானம் எனக்குள் ஒன்றாக எழுந்து நின்றது. "என் பாலிஷா? நான் தேய்ச்ச குழாயை..."

"குழாய்ல யாரும் எதையும் ஒட்டலையே!"

வெள்ளரித் துண்டுக்கு அடியிலிருந்து டீச்சரம்மா, "அவங்க சொல்றது சரிதான் சார்" என்றார். கண் தெரியாத நீதிபதி வேறு.

எஃகைச் சொரசொரப்பாக்கு என்று என்னிடம் சொல்வது, நாவிதரிடம் போய் மீசையைக் குட்டையும் நெட்டையுமாக வெட்டு என்று கேட்பது போல. உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் துளைக்குள் விட்டுத் திருகினேன். ஒவ்வொரு திருகுக்கும் என் பல் கூசியது. உள்சுவர் சாம்பல் நிறத்தில் மங்கி, பூனை நாக்கு மாதிரி ஆனது. பசை போட்டு ஒட்டி, மறுநாள்வரை ஆறவிட்டு, வாளியைத் தொங்கவிட்டோம்.

இம்முறை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. ஆனால் டப்.

நான் கையை விரித்தேன். "ஆச்சா? நான்தான் சொன்னேனே, பசை!"

"கடைசியா என்ன செஞ்சீங்க? ஒட்டறதுக்கு முன்னாடி?"

"தூசியைத் துடைச்சேன்."

"எதால?"

தோளில் கிடந்த என் துணியைக் காட்டினேன். அந்தத் துணி என் உடம்பின் ஓர் உறுப்பு. அதைத் தோளில் போடாமல் நான் என் கல்யாணத்துக்கே போனதில்லை. அவள் அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு விரலால், செத்த எலியைப் பிடிப்பதுபோல நீட்டிப் பிடித்தாள்.

"இது துணியா? ஆலை மெழுகு முழுக்க இதுலதான் இருக்கு! கீறி வெச்சுட்டு, கீறினது மேலேயே மெழுகைத் தடவியிருக்கீங்க. தோசைக்கல்லுல எண்ணெய் தடவுற மாதிரி!"

"பழக்கம்மா."

"பழக்கத்தைக் கழட்டி ஆணியில மாட்டுங்க."

துணி பறிமுதலானது. தோள் அம்மணமாக இருந்தது. அவள் தன் அலமாரியிலிருந்து அசிட்டோன் பாட்டிலை எடுத்தாள். வாசனை எண்ணெய் கலந்த நகப்பூச்சு நீக்கி அல்ல, கலப்பில்லாத அசிட்டோன். ஜன்னலைத் திறந்து வைத்து, வெள்ளைப் பஞ்சில் நனைத்துத் துளைக்குள் விட்டு எடுத்தாள். பஞ்சு கறுப்பாக வந்தது. புதுப் பஞ்சு. பழுப்பாக வந்தது. இன்னொன்று. பஞ்சு வெள்ளையாக வரும்வரை அவள் விடவில்லை. நான் "போதும்" என்றபோது, "உங்க முகத்தைத் துடைச்சா எத்தனை பஞ்சு ஆகும்னு பாக்கலாமா?" என்றாள். அடுத்த பஞ்சை நானே எடுத்து நீட்டினேன்.

மறுபடி ஒட்டி, ஆறவிட்டு, தொங்கவிட்டோம். வாளி முக்கால்வாசி நிறைந்தது. நான் உள்ளுக்குள் வெற்றி ஊர்வலம் கிளம்பி ஒரு தெருவைத் தாண்டியிருப்பேன். டப்.

அவள் குனிந்து பார்த்தாள். இம்முறை பசை குப்பிக்குள் பத்திரமாக இருந்தது. குச்சிதான் வெறுமனே, மழுமழுவென்று வெளியே வந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

"எஃகு பிடிச்சுடுச்சு! இப்போ விட்டது குச்சி. இந்தக் குச்சி மேலயும் ஒரு மினுமினுப்பு இருக்கு பாருங்க. செய்யுற இடத்துலேர்ந்தே வந்த தோல். இதையும் எடுக்கணும்."

புதிதாக மதம் மாறியவனுக்குப் பக்தி அதிகம். பளபளப்பு எதிரி என்று ஒப்புக்கொண்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? அவள் முன்னறையில் ஒருவருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் பெட்டியிலிருந்து இரும்பைத் தேய்க்கும் முரட்டு அரத்தை எடுத்துக் குச்சி நுனியை ராவு ராவென்று ராவித் தள்ளிவிட்டேன். கறுப்புத் தூசி பறந்தது. நுனி பஞ்சுமிட்டாய் மாதிரி நார் நாராக விரிந்தது. எனக்கு மகா திருப்தி. இதைவிடச் சொரசொரப்பு இந்த அண்டத்தில் ஏது?

அதையும் ஒட்டித் தொங்கவிட்டோம். பசை பிடித்த இடம் பிடித்தபடி இருந்தது. குச்சிதான் குப்பியின் வாயருகே படக்கென்று முறிந்தது.

உடைந்த நாரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நெற்றியில் கை வைத்தாள். "நகத்தைத் தேய்க்கச் சொன்னா, விரலையே தேய்ச்சுட்டீங்களே!"

"சொரசொரப்பு வேணும்னு நீதானே..."

"பளபளப்பைத்தாங்க எடுக்கணும். உடம்பை இல்ல. இந்த நாருதான் அதோட பலமே, அதை அறுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு? இனிமே இந்தத் தூசியையும் வாயை மூக்கை மூடாம ஊதித் தள்ளாதீங்க. கொடுங்க இப்படி."

மூக்கில் முகமூடியை மாட்டிக்கொண்டு, நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, குச்சி நுனியைச் சுற்றிப் பிடித்து மெல்லத் திருப்பினாள். அழுத்தம் என்று எதுவுமில்லை. குழந்தையின் மூக்கைத் துடைக்கிற கை. மினுமினுப்பு போய், மழை நேரத்து வானம்போல மங்கியதும் நிறுத்திவிட்டாள். நன்றாகக் காயவிட்டாள். பஞ்சில் அசிட்டோன். ஒரே திசையில் துடைப்பு. நான் ஆசையாக விரலை நீட்டினேன். படீரென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"தொடாதீங்க! உங்க கையில எண்ணெய்ப் பசை இருக்கு."

"நான் கை கழுவிட்டேன்."

"நீங்க பொறந்ததே மெழுகுலதான்."

அன்று அவள் தயார் செய்ய, நான் பசை கலந்து, இருவரும் சேர்ந்து ஒட்டினோம். குச்சியைச் செருகும்போது மெல்லச் சுழற்றினால் பசை எங்கும் பரவும், காற்று அடைபடாது என்பது நான் சொன்ன யோசனை. அதற்கு அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை நான் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன், வழி இருந்தால்.

மறுநாள் வாளி. அரை வாளி, முக்கால், முழு வாளி. தண்ணீர் விளிம்பில் தளும்பியது. ஒன்றும் ஆகவில்லை. வாளிக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய இரும்பு நாற்காலியின் அடிக்கட்டையைத் தொங்கவிட்டோம். அதன்மேல் என் கருவிப் பெட்டி. மேஜையின் பின்னங்கால் தரையிலிருந்து எழும்பியது. அப்போதும் முனை குச்சியை விடவில்லை. கடைசியில் கயிறுதான் அறுந்தது. அன்று வந்த வெள்ளத்தில் நாங்கள் ஜன்னல் வழியாகப் படகில் வெளியேற வேண்டியிருந்தது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி மறுக்கவில்லை. தரையைத் துடைத்தது நான் என்பதால்.

மிச்ச அம்புகளுக்கும் அதே வைத்தியம் நடந்தது; துணி பறிமுதலானதால் முனைகளின் வெளிப்புறத்துக்கும் பாலிஷ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூட்டம். சம்பந்தியம்மா முதலில் எய்து முடித்தார். நன்றாகவே எய்தார், அதைக் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவருடைய எல்லா அம்புகளும் முழுசாக வந்தன.

பிறகு என் மனைவி. முதல் அம்பு. டாக்டரம்மா இழுத்தார், முனையோடு வந்தது. அடுத்தது, முனையோடு. அதற்கடுத்ததும். ஒவ்வொரு இழுவைக்கும் நான் மூச்சை அடக்கியதில் என் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியதாயிற்று. கடைசி அம்பு ஒன்றே ஒன்று பாக்கி. சம்பந்தியம்மா எட்டுப் புள்ளி முன்னால். ஒன்பது கிடைத்தால் இடம் இவளுக்கு. எட்டு கிடைத்தால் சமம். முனை தங்கினால் வீடு.

எய்தாள். மஞ்சள் வட்டத்தில் ஒன்பது புள்ளி வளையம். பலகையின் அந்த நடுப்பகுதியை முந்தின நாள்தான் பழைய துளைகள் போகப் புதிதாகத் திணித்து அடைத்திருந்தார்கள். கல் மாதிரி இறுக்கம். அம்பு அதற்குள் ஆழமாக இறங்கியிருந்தது.

டாக்டரம்மா பலகையின் கன்னத்தைப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. கால்களை அகட்டி நின்று மறுபடி இழுத்தார். பலகையின் தாங்குகால் ஒன்று தரையை விட்டுக் கிளம்பி மறுபடி உட்கார்ந்தது.

"ஞானப்பல்லு!" என்றார் மூச்சிரைக்க. "என் கையெல்லாம் ஈரம். வழுக்குது."

சம்பந்தியம்மா கரிசனமாகக் குரல் கொடுத்தார். "விட்டுடுங்க டாக்டர். உள்ளயே சந்தோஷமா இருக்கட்டும். மயக்க ஊசி வேற இல்ல."

என் மனைவி வில்லை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்து போனாள். "டாக்டர், யார் இழுக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

டாக்டரம்மா யோசித்தார். "இல்ல. முழுசா வரணும்னு மட்டும்தான் இருக்கு."

"அப்போ கொஞ்சம் நகருங்க."

இடது கையைப் பலகையில் ஊன்றினாள். வலது கையால் குச்சியைப் பலகைக்கு மிக அருகில் பிடித்தாள். முரட்டு இழு கிடையாது. வளைக்காமல், திருகாமல், நேராக, விடாமல் இழுத்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. நானோ கண்ணை மூடிக்கொண்டேன். பசையிடமும் எஃகிடமும் கார்பனிடமும் தனித்தனியாக மன்றாடினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன்.

அம்பு அவள் கையில் இருந்தது. நுனியில் பலகையின் துணுக்குகள் ஒட்டிய எஃகு முனை, மங்கலாக, அசையாமல் இருந்தது. டாக்டரம்மா அதை வாங்கி, பல்லை ஆட்டிப் பார்ப்பதுபோல ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"ஒன்பது" என்றார்.

முதல் கைதட்டு சம்பந்தியம்மாவிடமிருந்து வந்தது. "நல்லா இழுத்தீங்க சம்பந்தி. நானா இருந்தா கை சுளுக்கியிருக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா அம்பு பாக்கச் சகிக்கல சம்பந்தி. என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டார்.

அதற்குள் டாக்டரம்மா சட்டையளவு கேட்டு வந்துவிட்டார். என் மனைவி அளவைச் சொன்னாள்; முதுகில் போட வேண்டிய பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். பிறகு பலகையிலிருந்த அந்தத் துளையில் விரலை விட்டு ஆழம் பார்த்தாள்.

"டாக்டர், போற ஊர்ல பலகை இதைவிட இறுக்கமா?"

"அங்க எல்லாமே புதுசும்மா. இதைவிட இறுக்கம்தான்."

"சரி" என்றாள். என் கையிலிருந்த வில்லை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்க. போற வழியில கெட்டியான கயிறு வாங்கணும். வாளியும் இன்னொண்ணு வேணும்."